பழைய வழிக்கு ஒரு பூட்டு

லம்ஜத் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. அவனுடைய நல்ல குணம் அதுதான், கெட்ட குணமும் அதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் ராப்பகலாய் உட்கார்ந்து முழிப்பான். இப்படி ஒரு ஜென்மம்.

துனிஸ் நகரத்தின் ஓரத்தில் கஸாலா தொழில்நுட்பப் பூங்காவில், மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசை அவனுக்கு. நெட்வொர்க் கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதுவது வேலை. டிரைவர் என்றால் கார்டோடு பேசத் தெரிந்த மென்பொருள். வழக்கமாக ஒரு கம்ப்யூட்டரில் கார்டு, வட்டு, திரை எல்லாமே கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளின் கைப்பிடியில் இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்காமல் குழாயைத் திறக்கக்கூடாது என்கிற மாதிரி, எதற்கும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கில் தகவலைத் தள்ளுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? ‘சாவியை என்னிடமே கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கெர்னலை ஒதுக்கிவிட்டு நேராகக் கார்டோடு பேசுவார்கள். லம்ஜத்தின் டிரைவர் அந்த ரகம்.

சாவி கொடுப்பதில் கெர்னலுக்கு ஒரே வழி இருந்தால் லம்ஜத்தின் தலைமுடி இவ்வளவு சீக்கிரம் நரைத்திருக்காது. பழைய வழி ஒன்று உண்டு. அதில் கெர்னல் சாவியை வாசலில் போட்டுவிட்டுப் போய்விடும். யார் எடுத்தார்கள், எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று திரும்பியே பார்க்காது. புது வழியில் வாசலில் காவல்காரன் நிற்பான். உள்ளே ஒருவர் இருந்தால் அடுத்தவரைக் கிட்டவே விடமாட்டான். இரண்டுக்கும் நடுவில் இரண்டுங்கெட்டானாய் இன்னொன்று. டிரைவர் எழுந்ததும் முதல் காரியமாக, சாவி எந்த வழியில் வந்தது என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும். மூன்று மருமகள்களை ஒரே அடுப்பில் சமைக்க வைத்த மாமியார் மாதிரி, லம்ஜத் இந்த மூன்றையும் ஒரே டிரைவருக்குள் வைத்து வருடக்கணக்காய்க் கட்டி மேய்த்தான்.

ரமதான் மாதம். அலுவலகம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். காபி கிடையாது, சிகரெட் கிடையாது, எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம். அப்படி ஒரு நாள்தான் ஒல்ஃபா கூட்டம் கூட்டினாள். ஒல்ஃபா அந்தக் குழுவுக்குத் தலைவி. லம்ஜத்தைவிட வயதில் சின்னவள், பேச்சில் கறார்.

“அடுத்த வெளியீட்டுல எதெல்லாம் இருக்கும், எதெல்லாம் போகும்னு வெள்ளிக்கிழமை காலையில லிஸ்ட்டை மூடறேன். பழைய வழியை எடுத்துடலாம்னு நினைக்கறேன். நம்ம லேப்ல அதை ஓட்டிப் பாக்க ஒரு பெட்டிகூட இல்ல. ஓட்டிப் பாக்க முடியாததை நாம எப்படி வச்சிருக்கறது?”

பெட்டி இல்லாமல் போனது எப்படி என்று லம்ஜத்துக்குத் தெரியும். போன கோடையில் லேபை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, ரோபாவேக்கியா என்று கூவிக்கொண்டு வருகிற பழைய சாமான்காரனிடம் அந்தக் கிழட்டுப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். ‘கொடுத்துடலாமா லம்ஜத்?’ என்று கேட்டார்கள். சரி என்று சொன்னதே அவன்தான்.

“அது சரி, இதை இன்னும் யாரு வச்சிருக்கா? மியூசியத்துக்காரனா?” என்றாள் ஒல்ஃபா. எல்லோரும் சிரித்தார்கள்.

லம்ஜத்தும் சிரித்து வைத்தான். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டான். பழைய வழியை இன்னும் வைத்திருப்பது அவனுடைய அக்கா.

அக்கா விதாத் கெஃப் ஊரில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளைத் தாண்ட ஆள் கிடையாது. அப்பா படுத்த படுக்கையான வருஷம் அவள் படிப்பு நின்றது, தம்பி படிப்பு நிற்கவில்லை. அவள் ஊரிலேயே ஒரு பப்ளிநெட் போட்டாள். வரிசையாய் நாலைந்து கம்ப்யூட்டர், வந்து உட்கார்ந்து இன்டர்நெட் பார்க்கிற கடை. வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்து கடைக்கு வேலையில்லாமல் போனதும், சரி நாமே வீட்டுக்கு வீடு கொடுப்போம் என்று மொட்டைமாடிகளில் ஆன்டெனா ஏற்றி, கெஃபுக்கும் மலையடிவாரத்து ஊர்களுக்கும் இணைப்புக் கொடுக்கிறவளாய் ஆனாள். அவளுக்கு அந்தக் கார்டைச் சொன்னது லம்ஜத்தான். கார்டு புதுசு, அதைச் செருகிய பெட்டி பழசு. புது வழியின் காவல்காரனை நிறுத்த வேண்டிய சில்லு அந்தப் பெட்டியில் கிடையாது. பழைய வழி போனால் அவள் பெட்டி போயிற்று. பெட்டி போனால் அவள் தொழிலே போயிற்று.

இதை ஒல்ஃபாவிடம் சொல்ல என்ன தடை? வெட்கம்தான், வேறென்ன. கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் அக்கா ஓட்டைப் பெட்டியில் ஊருக்கு இன்டர்நெட் கொடுக்கிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொந்தக்காரிக்காகப் பிடித்துத் தொங்குகிறான் என்று நினைத்துவிட்டால்?

கூட்டம் முடிந்து அவன் மேசைக்கு வந்தபோது போன் அடித்தது. அக்கா. அவள் தானாகக் கூப்பிடுகிறவள் இல்லை. தம்பியிடம் ஒன்று கேட்பதென்றால் அவளுக்குக் கசாயம் குடிப்பது மாதிரி.

“என்னடா தலைநகரத்து துரை, நோன்பெல்லாம் எப்படிப் போகுது?”

“அல்ஹம்துலில்லாஹ். சொல்லுக்கா.”

“உன் கார்டு தினமும் நோன்பு துறக்கற நேரம் பாத்து மட்டையாயிடுது. அதுக்கும் பசிக்குது போல.”

லம்ஜத் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. “எப்பலேருந்து?”

“பிறை பாத்ததிலேருந்து. பகல் முழுக்கத் தங்கம். பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி உங்க மச்சான் சாயங்கால புரோகிராமை ஏத்தறாரு. அவ்வளவுதான், ரெண்டும் சேந்து செத்துப்போவுது. பெட்டியையே அணைச்சுப் போட்டாத்தான் உசுரு வருது. அதுக்குள்ள சூப்பு ஆறி, ஊரே வந்து கதவைத் தட்டுது.” கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னாள்: “மருந்துக்கடை ஹயாத் நேத்து வந்தாடா. ‘பெரிய கம்பெனிக்காரன் வாசல்லயே நிக்கிறான், பெருநாளுக்குள்ள சரியாகலேன்னா மாறிடுவேன்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அவ போனா தெருவே போகும். நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

காரணம் லம்ஜத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

பழைய வழியில் காவல்காரன் இல்லையல்லவா? அதற்காக டிரைவர் தானே ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும். முதலில் வந்த புரோகிராம் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதாய் வருவது பூட்டு விடுபடும்வரை பேசாமல் வாசலில் நிற்கும். மச்சான் மொன்ஜி இதைப் பிடித்துக்கொண்டார். ரமதானில் கெஃப் பகலெல்லாம் தூங்கி வழியும். நோன்பு துறந்த மறுநிமிஷம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடர்தான். அதனால் இணைப்பைப் பங்கிடுகிற புரோகிராமில் பகலுக்கு ஒரு அமைப்பு, ராத்திரிக்கு ஒரு அமைப்பு. மொன்ஜி சாயங்கால புரோகிராமை முன்கூட்டியே ஏற்றிவிடுவார். அது வாசலில் காத்து நிற்கும். பகல் புரோகிராமை நிறுத்தின கணத்தில் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரில் ஒருவருக்கும் படம் நின்றது தெரியாது. போன ரமதானில் லம்ஜத் இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, ‘நான் எதுக்கோ போட்ட பூட்டு, நீங்க எதுக்கோ வச்சிருக்கீங்களே மச்சான்!’ என்று விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

சிரித்தவனுக்கே அது பிறகு மறந்துபோனது. சில மாதம் முன்னால் புது வழிக்காரர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் புரோகிராமை அடைத்த கூண்டுக்குள் ஓட்டுகிறவர்கள். அங்கே பூட்டுக்கான கோப்பை எழுத அனுமதி கிடையாது, டிரைவர் எழும்பவே மாட்டேன் என்கிறது, உடனே சரி செய் என்றார்கள். லம்ஜத் வழக்கம்போலச் சரி என்றான். காவல்காரன்தான் இருக்கிறானே, பூட்டு எதற்கு என்று அடியோடு எடுத்தே விட்டான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. லேபில் இருந்ததெல்லாம் புதுப் பெட்டிகள், எல்லாச் சோதனையும் பச்சை காட்டியது. ரமதானுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்து, செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கையோடு, மொன்ஜி டிரைவரையும் புதுசாக்கினார். பூட்டுப் போன டிரைவர் கெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். சாயங்கால புரோகிராம் இப்போது வாசலில் நிற்கவில்லை. பகல் புரோகிராம் உள்ளே இருக்கும்போதே நுழைந்து, இரண்டும் கார்டைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

“லைன்ல இருக்கியா, இல்ல தூங்கிட்டியா?” என்றாள் விதாத்.

“இருக்கேன்கா. நானே வரேன்.”

“வேலையை விட்டுட்டு நீ ஒண்ணும் வர வேண்டாம்.”

“வரேன்னு சொன்னேன்ல.”

திருத்தம் பெரிய வித்தையில்லை. சாவி எந்த வழியில் வந்தது என்று கேள். புது வழியென்றால் பூட்டு வேண்டாம். மற்ற இரண்டென்றால் பூட்டிக்கொள். முதலிலேயே இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதி முடித்து லேபில் ஓட்டினான். எல்லாம் பச்சை. போன தடவையும் எல்லாம் பச்சைதானே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே எரிச்சலாய் வந்தது. வியாழக்கிழமை அலுவலகம் முடிந்ததும் காரை எடுத்தான். தெபுர்சுக் தாண்டி மலை ஏறும்போது பசியில் கண்ணை இருட்டியது. ஜன்னலை இறக்கிவிட்டு, உரக்க எதையோ பாடிக்கொண்டே ஓட்டினான்.

கடையில் மொன்ஜி, பற்ற வைக்காத சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, உலகத்தின் மேலேயே கோபமாய் உட்கார்ந்திருந்தார்.

“வா மாப்ளே. உன் சாமானைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறேன். நோன்பு மட்டும் இல்லேன்னா நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.”

“நோன்பு துறந்ததும் கேளுங்க மச்சான். சேத்து வச்சுக் கேளுங்க.”

விதாத் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கார்டு கொண்டு வந்தியா? பின்னறையில இருக்கற மாத்துப் பெட்டியில கார்டு கிடையாது. இது படுத்தா இதுலேருந்து கழட்டி அதுல செருகறதுதான் ஏற்பாடு. நீ ஒரு கார்டு கொண்டு வந்தா அதுல ஓட்டிப் பாத்துடலாம்.”

லேபில் அலமாரி நிறையக் கார்டுகள். அவசரத்தில் தோன்றவேயில்லை.

“இல்லக்கா.”

“புத்திசாலி! அப்ப ஊருக்கு ஓடற பெட்டியிலதான் உன் வித்தையைக் காட்டப்போற.”

“ஆமா.”

“இன்னிக்கும் செத்துப்போச்சுன்னா ஹயாத் பெருநாள் வரைக்கும் காத்திருக்க மாட்டா. தெரியும்ல?”

“தெரியும்கா.”

அவள் ஒரு நாற்காலியைப் பெட்டிப் பக்கம் இழுத்துப் போட்டாள். “சரி, பண்ணு” என்றாள்.

முதலில் பகல் புரோகிராமை ஒருமுறை நிறுத்தி, திருத்திய டிரைவரோடு ஏற்றினார்கள். ஊர் பசி மயக்கத்தில் இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு காத்திருந்தார்கள். தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் செருப்புச் சத்தம். எதிர்வீட்டிலிருந்து பிரிக் பலகாரம் பொரிக்கிற வாசம் வந்தது. மொன்ஜி காதிலிருந்த சிகரெட்டை எடுத்து முகர்ந்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

“ஏத்தட்டுமா?”

“ஏத்துங்க மச்சான்.”

மொன்ஜி சாயங்கால புரோகிராமை ஏற்றினார். லம்ஜத் திரையைப் பார்க்காமல் கார்டின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் அது அணையும். அணையவில்லை. துடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ஒரே ஒரு வரி: கார்டு வேறொருவரிடம் இருக்கிறது, காத்திருக்கிறேன்.

“நிக்குதுடி!” என்று கத்தினார் மொன்ஜி. “வாசல்ல நிக்குது விதாத், பழையபடி நிக்குது!”

“கத்தாதீங்க. இன்னும் மாத்தவேயில்ல” என்றாள் விதாத். ஆனால் அவள் கை நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தது.

நோன்பு துறக்கும் நேரம் என்று ஊர்க் கோட்டையில் பீரங்கி வெடித்தது. கூடவே பாங்கு. மொன்ஜி பகல் புரோகிராமை நிறுத்தினார். காத்திருந்தது உள்ளே போய் உட்கார்ந்தது. விளக்கு ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் தொடரின் பாட்டு கேட்டது. அப்புறம்தான் மூவரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள்.

மொன்ஜி சிகரெட்டைப் பற்ற வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார். “மாப்ளே, கேக்கணும்னு வச்சிருந்ததெல்லாம் மறந்துபோச்சு.”

சூப்புக் கிண்ணம் பாதியில் இருக்கும்போதே லம்ஜத் ஒல்ஃபாவைக் கூப்பிட்டான். விதாத் மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நோன்பு துறந்தாச்சா லம்ஜத்? நாளைக்குக் காலையில லிஸ்ட்டை மூடறேன். பழைய வழியை எடுத்துடலாம்தானே?”

“முடியாது ஒல்ஃபா.”

“நீங்கதான் பேசறீங்களா?” என்றாள்.

“நான்தான். பழைய வழியில ஒரு கோளாறு இருந்துது. அது என்னால வந்தது. கூண்டுக்காரங்க கேட்டாங்கன்னு பூட்டை எல்லா வழிக்கும் சேத்து எடுத்துட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன், ஓட்டியும் பாத்துட்டேன்.”

“எதுல ஓட்டினீங்க? நம்மகிட்டதான் பெட்டியே இல்லியே. யாருதான் இதை இன்னும் வச்சிருக்கா?”

லம்ஜத் அக்காவின் முதுகைப் பார்த்தான். தட்டு அடுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

“எங்க அக்கா” என்றான். “கெஃப்ல இருக்கா. இந்த ஊருக்கும் சுத்துப்பட்டுக்கும் நெட்டு குடுக்கறது அவதான். நான் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாத்ததே அவ கடையிலதான். நாம பழைய வழியை எடுத்தா அவ கடையைச் சாத்தணும்.”

“இத்தனை நாளா சொல்லவேயில்லையே?”

“வெக்கப்பட்டேன்.”

“எதுக்கு வெக்கம்?”

லம்ஜத் சூப்பைக் கரண்டியால் கிளறினான். ஒல்ஃபா பெருமூச்சு விட்டாள்.

“இங்க பாருங்க. எனக்கும் ஒருத்தர் பொழப்பைக் கெடுக்க ஆசையில்ல. ஆனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் நீங்க காரை எடுத்துக்கிட்டு கெஃபுக்கு ஓடுவீங்களா? இப்ப எப்படித் தப்பு நடந்துதோ அப்படியே மறுபடி நடக்கும். நம்ம லேப்ல ஒரு பழைய பெட்டி நிக்கணும். நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி நின்னா, பழைய வழியும் நிக்கும். இல்லேன்னா எடுத்துடுவேன். அப்புறம் என்னைப் பொல்லாதவள்னு சொல்லாதீங்க.”

போனை வைத்தான். ஒரே ராத்திரியில் பழைய பெட்டிக்கு எங்கே போவது? ரோபாவேக்கியாக்காரன் அதையெல்லாம் எப்போதோ உருக்கியிருப்பான். சூப்பு ஆறிப்போயிருந்தது, அதன் மேல் எண்ணெய் படிந்திருந்தது.

பின்னறையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. “என்ன விதாத், ஒத்தையா என்ன உருட்டற?” என்று மொன்ஜி எழுந்தார். அதற்குள் அவளே வந்துவிட்டாள். கையில் மாற்றுப் பெட்டி. கனத்தில் முதுகு வளைந்து, பாவாடை முன்பக்கமெல்லாம் தூசி.

“கார் சாவி எங்க?” என்றாள்.

“அக்கா, வேண்டாம்.”

“உங்க லேப்ல கார்டு அலமாரி நிறைய இருக்குல்ல? செருகிக்கோ. நல்ல பெட்டிதான். கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.”

“இது உன் மாத்துக்கா. நாளைக்கே ஓடற பெட்டி படுத்துதுன்னா உங்கிட்ட என்ன இருக்கு?”

விதாத் பெட்டியை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, காலால் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“நீ இருக்கியே” என்றாள்.

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. தெருவில் இறங்கி, கார்க் கதவைத் திறந்து, பெட்டியை முன் சீட்டில் வைத்தாள். பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டி, சரியாய் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.